கோயில் வர்ணக்காரருக்கு நகரத்துச் சுவர் கிடைக்குமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 29 வயது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கிறேன், பகலில் தொழிற்சாலை வேலை. அப்பா கோயில் வர்ணக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு ஸ்தபதியிடம் கூடமாட நின்று பழகியவர். நான் 14 வயதிலிருந்து அவரோடு சாரம் ஏறுகிறேன். கெடா, பினாங்கு, பேராக் என்று பதினொரு கோயில்களில் வேலை செய்திருக்கிறேன். பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் சுவர் ஓவியங்களைப் பார்க்கும்போது நம்மாலும் முடியும் என்று தோன்றுகிறது. ஆனால் நகரத்தின் கலைத் திட்டங்களுக்கு அழைப்பு வரும்போது போர்ட்ஃபோலியோ, கருத்துரை, பட்ஜெட் என்று கேட்கிறார்கள். நான் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைதான் படித்தேன். கோயில் படங்களைத் தவிர என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. இப்போது ஜார்ஜ் டவுனில் லெபோ சூலியா தெருப் பக்கம் ஒரு காப்பிக் கடைக்காரர், "சுவர் தருகிறேன், பெயிண்டும் வாங்கித் தருகிறேன், சம்பளம் கிடையாது, உனக்குப் பெயர் வரும்" என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளலாமா? நகரத் திட்டங்களுக்குள் நுழைய என்ன வழி? என் பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரத்தில் நின்றபடி துவாரபாலகர் முகத்தைப் பக்கத்தில் எடுத்த படம். கண் இரண்டும் முட்டை மாதிரி துருத்திக்கொண்டு, கருவிழி கீழ் இமையை ஒட்டி, விகாரமாக இருக்கிறது. அடுத்த படம் அதே முகம், கீழே வாசலில் நின்று எடுத்தது. அங்கே அந்தக் கண் நேராக நம்மைப் பார்க்கிறது. நாற்பது அடி உயரத்தில் இருக்கும் கண்ணைத் தரையில் நிற்கிறவனுக்காக வரைய உங்கள் அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறார். கலைக் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் பலர் முதல் பெரிய சுவரில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கணினியில் அழகாக இருந்த முகம் சுவரில் ஏறியதும் நெற்றி சுருங்கி, தாடை பெருத்துப்போகும். "காட்ட ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதிய வரியை நான் அடித்துவிட்டேன்.

போர்ட்ஃபோலியோ என்பது பட்டச் சான்றிதழ் இல்லை. இதற்கு முன் என்ன செய்தாய், எவ்வளவு பெரிதாகச் செய்தாய், சொன்ன நாளில் முடித்தாயா என்ற மூன்று கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். பத்துப் படம் போதும். ஒவ்வொன்றின் அடியிலும் உயரம், அகலம், ஆண்டு, எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று மலாயில் இரண்டு வரி எழுதுங்கள். அப்பா செய்தது எது, நீங்கள் செய்தது எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். இதில் மழுப்பினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். துவாரபாலகரின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் இன்னொரு படமும் வேண்டும். ஏழெட்டு வருடத்துக்கு முன் வர்ணம் தீட்டிய ஒரு கோயிலுக்குப் போய், இன்று அது எப்படி இருக்கிறதோ அப்படியே எடுங்கள். வெளுத்திருந்தால் வெளுத்தபடியே.

ஏன் என்று கேட்பீர்கள். தேர்வுக்குழுவில் சில முறை உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மேசைக்கு வரும் வரைபடங்களில் பாதிக்குமேல் நன்றாகத்தான் இருக்கும். மாநகர் மன்றத்துப் பொறியாளர் ஒருவர் வாயைத் திறந்து, "ஐந்து வருடம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்பார். விண்ணப்பத்தைப் புரட்டினால் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அழகான வரைபடங்கள் பல அந்த நிமிடத்தில் ஓரத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கண்காட்சிக்குப் படம் வரைகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. உங்களுக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வரும், நம் வேலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள் என்று தெரிந்தேதான் நீங்கள் தூரிகையைத் தொடுகிறீர்கள். எந்த நிறம் முதலில் போகும், மேற்கு வெயில் விழும் பக்கம் என்ன ஆகும் என்பது உங்கள் கைக்கே தெரியும். காவிச் சிவப்பு நிற்கும், ரோஸ் நிறம் இரண்டு மூன்று வருடத்தில் பல்லிளிக்கும். இதையே ஒரு பக்கமாக எழுதிப் பராமரிப்புத் திட்டம் என்று தலைப்புப் போடுங்கள். இரண்டாம் ஆண்டில் கழுவுவது, நான்காம் ஆண்டில் எந்த இடத்தைத் தொட்டுச் சரிசெய்வது, எட்டாம் ஆண்டில் மறுபடி தீட்டுவதா, அழித்து இன்னொருவருக்கு இடம் விடுவதா, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு ஆகும் என்று.

சரி, கதவு எங்கே? சில நாடுகளில் இதற்கென்றே சட்டம் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1959லேயே கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் விதி வந்துவிட்டது. அப்படி ஒரு விதி இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தேட வேண்டியதில்லை. நம் பக்கம் கதவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஜார்ஜ் டவுன் தெருக்களில் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 52. அவை 2009ல் மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து வந்தவை. லெபோ ஆர்மேனியனில் எல்லாரும் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும் சைக்கிள் பிள்ளைகள், லித்துவேனியாக்காரரான எர்னஸ்ட் ஸக்கரெவிச் 2012ல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. அந்த விழா 2010ல் தொடங்கியது. உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த ஜூலை 7ஐ ஒட்டி நடக்கும் கொண்டாட்டங்கள் தனி. நகரப் புதுப்பிப்பு வேலை செய்யும் திங்க் சிட்டி நிறுவனம் 2009ல் தொடங்கியதிலிருந்து மானியம் கொடுத்துப் பல வேலைகளை நடத்தியிருக்கிறது. ஜாலான் குர்துவாராவில் பழைய பேருந்துப் பட்டறையாக இருந்து கலை மையமாக மாறிய ஹின் பஸ் டிப்போவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். யார் எந்தச் சுவருக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது அங்கே தே தாரிக் குடிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் 1974லிருந்து நடத்தும் பக்காட் மூடா செசாமான் போட்டி இளம் கலைஞர்களுக்கானது. அது கண்காட்சிக் கலை, இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

எல்லாரும் பாலம் கடந்து தீவுக்கே ஓடுகிறோம். உங்கள் வீடு செபராங் பிறை மாநகர் மன்றத்துக்குள் இருக்கிறது. 2019ல்தான் அது மாநகர் ஆனது. பட்டர்வொர்த்தில் ஜாலான் ஜெத்தி லாமா பக்கத்துச் சந்தில் வரிசையாகச் சுவரோவியங்கள் இருக்கின்றனவே, போய்ப் பார்த்தீர்களா? தீவில் ஒரு சுவருக்கு நாற்பது பேர் நிற்கும் இடத்தில், இந்தப் பக்கம் நாலு பேர் நின்றால் அதிகம் என்பது என் அனுபவம். பிறை ரயில், பழைய ஃபெர்ரி, கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கிய நம் ஆட்கள் என்று சொல்வதற்கும் நிறைய இருக்கிறது. இன்னொன்று, கொஞ்சம் கடுப்போடு சொல்கிறேன். இந்தியர் என்று எழுதிய உடனே கிளி ஜோசியம், மல்லிகைப்பூ, தே தாரிக் இழுக்கும் மாமா என்று வரைந்து அனுப்பாதீர்கள். குழுவில் உட்கார்ந்த எனக்கே கொட்டாவி வந்திருக்கிறது. எந்தத் தெருவோ அந்தத் தெருவில் நாலு சாயங்காலம் உட்கார்ந்து, அங்கே இருக்கிறவர்களிடம் பேசிவிட்டு வரையுங்கள்.

முதல் அழைப்பிலேயே தனியாக ஒரு சுவர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரிய வேலை எடுத்தவர்களுக்கு உயரத்தில் கை நடுங்காத உதவியாளர் எப்போதும் தேவை. நாள் கூலிக்கு இரண்டு வேலை போனாலே, மன்றம் எப்படி நடக்கிறது, காசு எப்போது வருகிறது என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். அதற்குள் வியாபாரங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் ஒரு வியாபாரம் பதிந்து வையுங்கள். ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) தான். கொட்டேஷனும் இன்வாய்ஸும் அந்தப் பெயரில் போகும். வேலையில் அடிபட்டால் உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் கலைஞர்களும் சேரலாம். நான் சேர்ந்தபோது அடிமட்டத் திட்டம் ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. சாரத்தில் நிற்கிறவனுக்கு இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. கட்டுமானத் தளத்துக்குள் சுவர் இருந்தால் கட்டுமானத் தொழில் வாரியமான சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டையும் கேட்பார்கள்.

பட்ஜெட்டில்தான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். அழைப்பில் "12,000 வெள்ளி, அனைத்தும் உட்பட" என்று இருந்தால் அது உங்கள் சம்பளம் இல்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். சுவர் 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், ஆக 24 சதுர மீட்டர். நல்ல வெளிச்சுவர் பெயிண்ட் ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்குப் பத்து சதுர மீட்டர் ஓடும் என்று வையுங்கள். சீலர் ஒன்று, அடிவண்ணம் இரண்டு, மேலே உங்கள் ஓவியம், கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. லிட்டர் கணக்கு இப்போது உங்களுக்கே வந்துவிடும், பெயிண்ட் அவ்வளவு பெரிய செலவாக இருக்காது. காசைத் தின்பது சாரமும் நாட்களும். சாரம் இரண்டு வாரத்துக்கு வாடகை, ஏற்றி இறக்கும் லாரி, பொதுமக்கள் மேல் ஏதாவது விழுந்தால் அதற்கான காப்புறுதி, உதவியாளர் கூலி, நீங்கள் தொழிற்சாலையில் எடுக்கும் சம்பளமில்லா விடுப்பு. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை வேலை என்றால் மழைக்கு மூன்றில் ஒரு பங்கு நாளைக் கூட்டிப் போடுங்கள். மழையில் நீங்கள் சும்மா நின்றாலும் சார வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் கழித்த பிறகு கையில் நிற்கும் தொகையை வேலை நாட்களால் வகுத்துப் பாருங்கள். அது உங்கள் தொழிற்சாலை நாள் கூலிக்குக் கீழே இறங்கினால், ஓவியத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது அந்த அழைப்பை விட்டுவிடுங்கள். காசைத் தவணையாகக் கேளுங்கள்: கையெழுத்தில் ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, முடிந்ததும் மீதி. வரைபடம் மட்டும் கேட்டு அதற்குக் காசு கொடுக்காத அழைப்புக்குப் பென்சில் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணம் போட்டு முழுசாக அனுப்பாதீர்கள்.

இனி ஒப்பந்தம். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு தங்கும் விடுதியின் முற்றத்துச் சுவரில் வரைந்தேன். வாய்ப்பேச்சுதான், ஒரு தாள் கூடக் கிடையாது. அடுத்த வருடம் அவர்கள் விற்கும் துணிப்பையில் என் ஓவியம், குவளையில் என் ஓவியம். கேட்கப் போனால், "நாங்கள் காசு கொடுத்து வரையச் சொன்னது தானே" என்றார்கள். கோபமாக வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். அவர் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவைத் திறந்து காட்டினார். ஒருவர் சொல்லிச் செய்யும் படைப்பின் பதிப்புரிமை, மாற்றி எழுதி வைக்காவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். மாற்றி எழுதி வைக்க நான் எதையுமே எழுதவில்லையே. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே "பதிப்புரிமை ஓவியருக்கே, மன்றம் விளம்பரத்துக்குப் படத்தைப் பயன்படுத்தலாம், பொருளாக விற்பதற்குத் தனி அனுமதியும் பங்கும்" என்ற பொருளில் ஒரு வரி வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் ஓவியத்தைப் பிறர் படமெடுத்து வெளியிடுவதற்கு அதே சட்டம் 13ஆவது பிரிவில் இடம் கொடுக்கிறது, அதனால் சுற்றுப்பயணி போடும் படத்துக்கெல்லாம் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் உங்கள் பெயர் உங்களுடையது. 25ஆவது பிரிவு அதைக் காக்கிறது, ஓவியத்தைச் சிதைத்து உங்கள் மதிப்பைக் கெடுப்பதையும் தடுக்கிறது. கோபுரத்தில் நாம் கையெழுத்துப் போடுவதில்லை, அது வழக்கமும் இல்லை. நகரத்துச் சுவரில் போடுங்கள், ஓரத்தில், ஆண்டோடு.

அகற்றும் பேச்சையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கோலாலம்பூரில் சையத் அகமது ஜமாலின் புஞ்சாக் பூர்ணாமா சிற்பம் 1986ல் எழுந்தது. அவர் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர். அந்தச் சிற்பத்தை 2016ல் இடித்துவிட்டார்கள், கலை உலகமே கொதித்தது. அவ்வளவு பெரியவருக்கே அப்படி என்றால் நீங்களும் நானும் எந்த மூலை? அழிப்பதற்கு முன் 60 நாள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும், நல்ல படங்கள் எடுத்துக்கொள்ள விட வேண்டும், கழற்றக்கூடியதாக இருந்தால் முதலில் உங்களிடம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். யாரும் கேட்காததால்தான் தாளில் இல்லை.

காப்பிக் கடைக்கு வருவோம். லெபோ சூலியா பக்கம் என்றால் அது 259 ஹெக்டேர் பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கடைக்காரர் தலையாட்டினால் மட்டும் போதாது. முதலில் அவர் கட்டடத்தின் சொந்தக்காரரா, வாடகைக்கு இருக்கிறவரா என்று கேளுங்கள். வாடகைக்காரர் என்றால் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். அதோடு கொம்தார் கட்டடத்தில் இருக்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம் அனுமதி. 2018ல் பத்துமலையின் 272 படிகளுக்கு வர்ணம் அடித்தபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்குமே. ஊரே போய்ப் படம் எடுத்துக்கொண்டது. ஆனால் தேசியப் பாரம்பரியத் துறை, 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வாங்கவில்லை என்று பிடித்துக்கொண்டது. அழகாக இருக்கிறது என்பது அனுமதிச் சீட்டு ஆகாது.

அடுத்தது சுவர். பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையின் ஈரம் அதில் ஏறி, சுண்ணாம்பு வழியாக மூச்சு விட்டு வெளியே போகும். அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷனைப் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, ஓவியம் பொருக்குப் பொருக்காக உதிரும், கூடவே பழைய பூச்சும் வரும். கோயில் கோபுரம் பெரும்பாலும் சிமெண்ட், அதனால் இந்தப் பாடம் உங்களுக்குப் புதிது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுப் பானை மாதிரி சத்தம் வந்தால் அங்கே பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது. ஓர் அடிச் சதுரம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் ஈரமும் தெரிந்துவிடும். அந்த 52 இரும்புக் கம்பிச் சித்திரங்கள் இந்த நகரத்துக்கு ஏன் பொருந்தின என்று யோசித்தால் விஷயம் புரியும். சில ஆணிகளில் நிற்கின்றன, சுவரை மூடவில்லை, நாளை கழற்றினால் சுவர் அப்படியே இருக்கும். உங்கள் சுவர் ஈரமாக இருந்தால், வெயில் மழை தாங்கும் பலகையில் வரைந்து மாட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். அனுமதி கேட்கவும் அது சுலபம், கடை கைமாறினால் பலகை உங்களோடு வந்துவிடும்.

சம்பளமில்லாமல் செய்யலாமா? செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் கோயில் அல்லாத ஒரு வேலை உங்கள் பத்துப் படத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் "பெயர் வரும்" என்பது அவர் கொடுக்கும் பொருள் இல்லை, நீங்களே சம்பாதிப்பது. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: சின்ன அளவு, இரண்டு மீட்டருக்கு ஒன்றரை, நாலு நாள் வேலை, உதவியாளர் கூலியும் சாரமும் அவர் செலவு, அனுமதி வாங்குவது அவர் பொறுப்பு, பதிப்புரிமை உங்களுக்கு, கடைக்குள் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்ட ஒரு சின்னப் பலகை. ஒரே பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் சிரித்து மழுப்பினால் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடுங்கள், அந்த நாலு நாளில் ஜாலான் ஜெத்தி லாமா சந்துச் சுவர்களை அளந்து முடிக்கலாம்.

பிளாஸ்டிக் தாளை இந்த வாரமே ஒட்டிவிடுங்கள். தரைக்குப் பக்கத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று. பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் துடைப்பதற்கு முன் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சுவரா பலகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.